ஒன்றரை மணி நேர வாசனை

மீன் மார்க்கெட்டில் இருபத்தெட்டு வருஷம் மீன் வெட்டிய மனிதருக்கு 'சென்ட்டு' என்று பட்டப்பெயர் விழுந்தால், அதற்கு ஒரு கதை இல்லாமலா இருக்கும்? வேலை முடிந்ததும் குழாயடியில் அரை மணி நேரம் தேய்த்துத் தேய்த்துக் குளிப்பார். நகக்கண்ணில் எலுமிச்சம்பழத் தோலை அழுத்தித் தேய்ப்பார். பிறகு காலரிலும் மணிக்கட்டிலும் எலுமிச்சை சென்ட்டை அடித்துக்கொண்டு கிளம்புவார்.

"மாப்பிள்ளை கிளம்பியாச்சு டோய்!" என்று பக்கத்து மேடைக்காரர் கத்துவார். சென்ட்டு சிரித்தபடி நழுவிவிடுவார்.

சிரிப்பெல்லாம் உதட்டளவில்தான். மகள் நாலாவது படிக்கும்போது ஒருநாள் சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போய்விட்டாள். வெட்டிக்கொண்டிருந்ததைப் போட்டது போட்டபடி விட்டு, பள்ளிக்கூடத்துக்கு ஓடினார். தோழிகளுக்கு நடுவே நின்ற மகள் மூக்கைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா, இனிமே இங்க வராதீங்க. உங்க மேல நாத்தமடிக்குது."

ஒன்பது வயசுப் பிள்ளை. சாயங்காலமே மறந்துவிட்டு அவர் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அவரால்தான் மறக்க முடியவில்லை. மீன் வெட்டுகிறவரின் மூக்குக்கு மீன் வாசனை தெரியாது, அதுதான் அந்தத் தொழிலின் கொடுமை. தன் மேல் வாசனை அடிக்கிறதா இல்லையா என்பதை எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பஸ்ஸில் யாராவது ஜலதோஷத்துக்கு மூக்கைத் துடைத்தால்கூட இவர் எழுந்து வாசல் பக்கம் போய் நின்றுகொள்வார்.

சென்ட் கடைப் பெண்தான் அவருக்கு வழி சொன்னவள். "வெயில் காலத்துல கனமான சென்ட் வேண்டாங்க, தலைய வலிக்கும். இது எலுமிச்சையும் ஆரஞ்சுத் தோலும். ஜில்லுன்னு இருக்கும். ஆனா சீக்கிரம் பறந்துடும், இந்த வெயிலுக்கு ஒன்றரை மணி நேரம் நின்னாலே பெருசு. வேர்வை மேல திரும்ப அடிக்காதீங்க, குளிச்சுட்டுதான் அடிக்கணும்."

அவள் ஏதோ வியாபாரத்துக்குச் சொன்னாள். இவருக்கு அது வேதவாக்காகிவிட்டது.

மகளுக்குக் கல்யாணமாகி அதே ஊரின் மறுகோடிக்குப் போனாள். இவர் பஸ்ஸை விட்டு இறங்கி, நிழற்குடைக்குப் பின்னால் ஒதுங்கி சென்ட் அடித்துவிட்டு, கடிகாரத்தைப் பார்ப்பார். அங்கிருந்து ஒன்றரை மணி நேரம். நடை போக, பேத்தியைக் கொஞ்சிய நேரம் போக, காபி ஆறுவதற்குள் எழுந்துவிடுவார்.

"எப்பப் பாத்தாலும் கால்ல வெந்நீர ஊத்திக்கிட்டே வர்றீங்க" என்பாள் மகள். முதலில் கேலியாகச் சொன்னாள். போகப் போக அந்தக் குரலில் கேலி இல்லை.

விரல்கள் மடங்காமல் போய் அவர் கத்தியைக் கீழே வைத்து ஆறு வருஷம் ஆகிவிட்டது. அதற்கு முன்பே மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். இனி இந்தச் சென்ட் எதற்கு என்று கேட்க வீட்டில் ஆள் இல்லை.

இந்தக் கோடையில் மருமகனுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. குடும்பத்தோடு கிளம்புகிற அன்று சென்ட்டு காலை பத்து மணிக்கே போய்விட்டார். ஹாலில் பெட்டிகள் அடுக்கியிருந்தன.

"ரெண்டு மணிக்கு கார் வந்துடும்பா. சாப்பிட்டுட்டு எங்ககூடவே ஏர்போர்ட்டுக்கு வாங்க."

ஜன்னலை ஏற்றிவிட்ட காரை நினைத்துப் பார்த்தார். பக்கத்தில் மருமகன். சென்ட்டு கடிகாரத்தைப் பார்த்தார். மணி பதினொன்றரை. "இல்லம்மா, ஒருத்தரப் பாக்கணும்" என்று எழுந்தார்.

மகள் பார்த்துக்கொண்டே நின்றாள். "ஒரு வேளையாவது என்கூட உக்காந்து சாப்பிட்டிருக்கீங்களாப்பா? நான் அவ்வளவு பாரமாவா போயிட்டேன்?"

பேத்தியின் தலையைத் தடவிவிட்டுப் படியிறங்கிவிட்டார்.

பஸ் முக்கால்வாசி தூரம் போயிருக்கும், போன் அடித்தது.

"அப்பா, சோபாவுல ஒரு சென்ட் பாட்டில் கிடக்கு. உங்களோடதா? நீங்க எதுக்குப்பா இதப் போய்…"

அவள் முகம் எதிரில் இல்லாததால்தானோ என்னவோ, சொல்லிவிட்டார். பள்ளிக்கூடம், டப்பா, ஒன்றரை மணி நேரம், எல்லாவற்றையும்.

"நானா சொன்னேன்? எனக்கு ஞாபகமே இல்லப்பா." அழுதாள். "அந்த வாடையெல்லாம் எப்பவோ போயிடுச்சு. எனக்கு அப்பா வாசனைன்னா இந்த எலுமிச்சைதான். இத நான் எடுத்துட்டுப் போறேன். இறங்குங்கப்பா, திரும்பி வாங்க. கார் வர்றதுக்குள்ள வந்துடுங்க."

அடித்துப் பிடித்து இறங்கினார். சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் நின்றார். உச்சி வெயிலில் ஒரு பஸ்ஸும் வரவில்லை. வந்ததும் சிக்னலுக்குச் சிக்னல் நின்றது. நடுவில் இரண்டு தடவை போன் வந்தது. "வந்துட்டே இருக்கேம்மா" என்றார். மூன்றாவது தடவை அவள் காருக்குள் இருந்து பேசினாள். "இதுக்கு மேல நின்னா ஃப்ளைட்ட விட்டுடுவோம்பா."

இரண்டு மணி இருபது நிமிஷத்துக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது கதவில் பூட்டுத் தொங்கியது. சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. எலுமிச்சை வாசனை சுத்தமாகப் போயிருந்தது.

பூட்டிய கதவுக்கு முன்னால் படியில் உட்கார்ந்தவர், வெயில் தாழ்ந்த பிறகுதான் எழுந்தார். அந்த வீட்டில் அவர் தொடர்ந்து மூன்று மணி நேரம் இருந்தது அன்றைக்கு மட்டும்தான்.