ஏழாம் நம்பர் கடை

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில், டைரியின் பின்பக்கத்தில் ஒரு பட்டியல் எழுதிக்கொண்டேன். ரூலிங் பேனாவை அடிக்கடி துடைக்க வேண்டும். வரைபடத்தைப் படியெடுக்கும் டிரேசிங் துணியில் ஈரக்கை படக்கூடாது. தவறான கோட்டைப் பிளேடால் சுரண்டினால், அந்த இடத்தை நகத்தால் நன்றாகத் தேய்த்த பிறகுதான் மறுபடி மை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மை ஊறிப் பரவும். கடைசி விதி இது: ஒப்புதல் ஆன வரைபடத்தில் எதை மாற்றினாலும், வலது கீழ்மூலையில் இருக்கும் திருத்தக் கட்டத்தில் என்ன மாற்றம், எந்தத் தேதி, யார் செய்தது என்பதை எழுத வேண்டும்.

அறுபதுகளின் தொடக்கம். நெய்வேலி டவுன்ஷிப்பை ஒரு பக்கம் வரைந்துகொண்டே மறுபக்கம் கட்டிக்கொண்டிருந்தார்கள். வரைபடப் பிரிவில் பெண்கள் இரண்டே பேர்: திருச்சியில் படித்துவிட்டு வந்த நான், அடுத்த மேசையில் என் தோழி. கல்யாணமாகாதவர்களுக்குக் குவார்ட்டர்ஸ் கிடையாது என்பதால், மந்தாரக்குப்பத்தில் ஒரு வீட்டின் பின்கட்டு அறையில் இருவரும் வாடகைக்கு இருந்தோம்.

வீட்டுக்கார அக்காவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பிறந்தது காடாம்புலியூர். அவர் வாழ்க்கைப்பட்ட ஊரின் நிலம் சுரங்கத்துக்குப் போய்விட்டது. கணவருக்கு மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை, பெர்மனன்ட் ஆகவில்லை. சுரங்கத்துக்குப் போகும் சாலையோரத்தில், சவுக்குக் கால் நட்டுக் கீற்று வேய்ந்து, அக்கா இட்லிக்கடை வைத்திருந்தார். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் அங்கே நிற்க இடம் இருக்காது. நாங்கள் இருவரும் காலையில் அங்கேதான் சாப்பிட்டோம்.

ஒரு புதிய பிளாக்குக்கான மனை வரைபடத்தை டிரேஸ் செய்யும் வேலை எனக்கு வந்தது. பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே பன்னிரண்டு கடைகள். பிரிண்ட் எடுத்து வண்ணம் தீட்டும்போது குடியிருப்புக்கு மஞ்சள், கடைக்கு நீலம். அந்தப் பன்னிரண்டு கட்டங்களுக்கும் நான்தான் நீலம் பூசினேன். நிலம் கொடுத்த குடும்பங்களுக்கு அந்தக் கடைகள் என்று நிலப்பிரிவில் சொல்லியிருந்தார்கள். வாய்ச்சொல்தான், தாள் எதுவும் தரவில்லை. அக்காவுக்கு ஏழாம் நம்பர். சாலையோரத்தில் கடை வைத்திருப்பவர்கள் அதை முதலில் பிரித்துவிட வேண்டும் என்பது நிபந்தனை.

"இன்னா பொண்ணு, நெசமாவே கடை வருதா? இல்ல, சும்மா சொல்லிகினு இருக்காங்களா?" என்று அக்கா சட்னி ஊற்றியபடி கேட்டார்.

"வருதுக்கா. நானே வரைஞ்சிருக்கேன். மேல கையெழுத்தும் ஆயிடுச்சு."

"திறக்கிற அன்னைக்கு எங்க ரெண்டு பேருக்கும் ஓசி டிபன்" என்றாள் தோழி.

"ஓசின்னா மட்டும் வாய் எம்மாம் நீளுது பாரு!" அக்கா சிரித்தார். ஆனாலும் இருவருக்கும் ஆளுக்கு ஒரு இட்லி கூடுதலாக விழுந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் இடத்தைப் பார்க்கப் போனோம். செம்மண் வெளியில் சுண்ணாம்புக் கோடுகூட இன்னும் போடவில்லை. ரோட்டு முனையிலிருந்து அளந்தோம். ஆபீஸ் டேப்பின் ஒரு முனையை நான் பிடித்தேன், மறுமுனையைத் தோழி பிடித்தாள். ஏழாம் நம்பர் வந்ததும் அக்கா அதற்குள் போய் நின்று, குதிகாலால் மண்ணில் கீறினார். "இங்க அடுப்பு. இங்க பெஞ்சு. எம்மா, நீ அந்தாண்ட போ, என் பெஞ்சு மேல நிக்கிற" என்று தோழியை விரட்டினார். அவள் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நொண்டியபடி விலகினாள். வீடு வரும்வரை மூவரும் சிரித்துக்கொண்டே வந்தோம்.

பிறகு என் தங்கையின் கல்யாணத்துக்காகப் பத்து நாள் லீவில் ஊருக்குப் போனேன். கிளம்பும்போது அக்கா கேட்டார்: "வெள்ளிக்கிழமை கூரையப் பிரிச்சிடலாமா? அப்புறம் ஒண்ணும் ஆவாதே?"

"பிரிங்கக்கா. தைரியமா பிரிங்க" என்றேன்.

திரும்பி வந்தபோது கடையின் ஆறு சவுக்குக் கால்களும், புதுக்கடைக்கு ஆகும் என்று, கொல்லையில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. சாலையோரத்தில் அந்த இடத்தை அதற்குள் ஒரு டீக்கடைக்காரர் பிடித்திருந்தார். "புதுக்கடை வர்ற வரைக்கும் எனக்கும் லீவுதான்" என்றார் அக்கா.

மறுநாள் ஆபீஸில், கழிவுநீர்க் குழாய் குறிப்பதற்காக அதே டிரேசிங்கை அலமாரியிலிருந்து எடுத்து விரித்தேன். சுருளாமல் இருக்க உள்ளங்கையால் நீவினேன். ஓரிடத்தில் விரலுக்குச் சொரசொரத்தது. குனிந்து பார்த்தேன். பன்னிரண்டு கடைகள் இல்லை. அந்த இடத்தில் எட்டு வீடுகள். பிளேடால் சுரண்டி, அவசரமாகத் தேய்த்து, மேலே மை வைத்திருந்தார்கள். கோடுகளின் ஓரத்தில் மை லேசாக ஊறியிருந்தது. திருத்தக் கட்டம் காலியாக இருந்தது. டிரேஸ் செய்தவர் என்ற இடத்தில் என் இனிஷியல் அப்படியே இருந்தது.

எட்டு என்ற எண்ணை இரண்டு வட்டங்களாக ஒன்றன்மேல் ஒன்று வைத்து எழுதும் ஒரே ஆள் எனக்குத் தெரியும். அடுத்த மேசைக்குப் போனேன்.

"இது நீ பண்ணதா?"

தோழி துணியைப் பார்க்கவே இல்லை. "சார் பண்ணச் சொன்னார். ஸ்டாஃபுக்கு வீடு பத்தலையாம்."

"என்னைக்கு?"

"நீ ஊருக்குப் போன மறுநாள்."

விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். நான் கிளம்பியது திங்கள். அவள் சுரண்டியது செவ்வாய். அக்கா கூரையைப் பிரித்தது வெள்ளி. நடுவில் இரண்டு காலை அவள் அந்தக் கடையில் சாப்பிட்டிருக்கிறாள்.

"அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"ஆபீஸ் விஷயத்தை வெளியில எப்படிச் சொல்றது? அன்னைக்கு நானும்தான் கூட இருந்து கீத்தெல்லாம் இறக்கிக் கொடுத்தேன்" என்றாள், அதையும் ஓர் உதவியாகக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதுபோல. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "தையில எனக்குக் கல்யாணம். அதுல ஒரு வீடு எங்களுக்குன்னு சார் சொல்லியிருக்கார். நீ கெடுத்துடாத."

அவள் சார் என்று சொன்ன தலைமை வரைவாளரிடம் போனேன். திருத்தக் கட்டத்தில் எதுவும் எழுதவில்லையே என்று கேட்டேன்.

"கடை இருந்து எடுத்தோம்னு எழுதினா, அந்தப் பன்னிரண்டு பேரும் நாளைக்கு அதைக் காட்டிக் கேப்பாங்க. பழைய கலர் பிரிண்டையும் எடுத்தாச்சு. முதல்லேருந்தே வீடுதான்னு இருக்கட்டும்மா."

"அதுல என் இனிஷியல் இருக்கு சார்."

"இருந்தா என்ன? டிராயிங் நல்லாத்தானே இருக்கு."

அன்று மாலையே அக்காவிடம் சொல்லிவிட்டேன். அவர் முறத்தில் உளுந்து பார்த்துக்கொண்டிருந்தார். கை நின்றது. அடுத்த நாள் அவரும் மற்றக் குடும்பங்களும் நிலப்பிரிவுக்கு மனு கொடுத்தார்கள். சில வாரங்களில் பதில் வந்தது. என்னையே படித்துக் காட்டச் சொன்னார். அந்த இடத்தில் கடைகள் எந்த வரைபடத்திலும் காட்டப்பட்டதே இல்லை என்று இருந்தது.

"நீதான சொன்ன, நானே வரைஞ்சேன்னு?" என்றார். கோபம்கூட இல்லாத குரல். "அப்ப நீயும் பொய்யா பொண்ணு? இல்ல, நாங்கதான் பன்னெண்டு பேரும் சேந்து கனா கண்டுகினு இருந்தமா?"

தோழி அறைக்குள் புடவை மடித்துக்கொண்டிருந்தாள். வெளியே வரவில்லை.

கட்டட வேலைக்கு நிறுவனத்தின் எட்டுப் பிரிவுகளுக்கும் பிரிண்ட் அனுப்பும் நாள் வந்தது. அன்று காலை ஆபீஸுக்கு எல்லோருக்கும் முன்னால் போனேன். பேனாவைத் துடைத்தேன். திருத்தக் கட்டத்தில், "கடைகள் ஒன்று முதல் பன்னிரண்டு வரை நீக்கப்பட்டு, வீடுகள் ஒன்று முதல் எட்டு வரை சேர்க்கப்பட்டன" என்று அங்கே வழக்கமான ஆங்கிலத்தில் எழுதினேன். தேதி, அவள் சுரண்டிய செவ்வாய்க்கிழமை. குறித்தவர் என்ற இடத்தில் என் இனிஷியல். மை காய்ந்ததும் பிரிண்ட் அறைக்கு அனுப்பினேன். அமோனியா நெடியோடு எட்டுப் பிரதிகள் வந்தன. நானே மடித்து, உறையில் போட்டு, அனுப்புகைப் புத்தகத்தில் கையெழுத்து வாங்கினேன். ஒன்று நிலப்பிரிவுக்கு.

தலைமை வரைவாளர் மதியம்தான் பார்த்தார். "யாரைக் கேட்டு எழுதினே?"

"விதிப்படி எழுதினேன் சார். எழுதினதுல ஏதாவது தப்பு இருந்தா சொல்லுங்க, இன்னொரு திருத்தம் எழுதுறேன்."

அவர் டிரேசிங்கைச் சுருட்டிக்கொண்டு தன் அறைக்குப் போனார். என் பெர்மனன்ட் உத்தரவு தள்ளிப் போனது. மேசையைப் பழைய வரைபடங்கள் அடுக்கும் அறைக்கு மாற்றினார்கள்.

மனு கொடுத்தவர்களுக்கு இரண்டாவது கடிதம் வந்தது. கடைகள் இருந்ததே இல்லை என்ற வரி அதில் இல்லை. கடைகளுக்கு வேறு இடம் பார்க்கப்படும் என்று இருந்தது. நான் நெய்வேலியை விட்டுக் கிளம்பும்வரை பார்த்துக்கொண்டேதான் இருந்தார்கள்.

எட்டு வீடுகளும் எழுந்தன. தோழி கல்யாணமாகி ஒன்றில் குடிபோனாள். பால் காய்ச்சும் நாளுக்கு என்னையும் அக்காவையும் அழைத்தாள். இருவரும் போகவில்லை. ரோட்டு முனையிலிருந்து அளந்தால் அவள் வீடு அக்காவின் இடமாக இருக்குமா என்று டேப் எடுத்துப் போய்ப் பார்க்க நினைத்தேன். அதற்கும் போகவில்லை. அந்த டேப்பை யாரோடு சேர்ந்து பிடிப்பது?

அக்கா மைன்ஸ் கான்டீனில் பாத்திரம் கழுவும் வேலைக்குச் சேர்ந்தார். சில மாதங்கள் என்னிடம் தேவைக்குமேல் பேசவில்லை. மழைக்காலத்தில் ஒருநாள் காலை கொல்லையில் கோடாரிச் சத்தம் கேட்டது. சாய்த்து வைத்திருந்த சவுக்குக் கால் ஒன்றை அவர் அடுப்புக்குத் துண்டு போட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் என் அறை வாசலில் ஒரு தட்டை வைத்தார். ஆவி பறக்க நான்கு இட்லி.

"ஏழாம் நம்பர் கடையில வெந்தது. ஓசிதான், துன்னு."

நான் உட்கார்ந்து சாப்பிட்டேன். கொல்லையில் இன்னும் ஐந்து கால்கள் இருந்தன.