போர்ட் பிளேருக்கு இரண்டேகால் மணி நேரம்

"...மலை நிக்குது தம்பி. ஜன்னல்ல பாத்தா நம்ம சென்னை ஏர்போர்ட் எதிர்ல இருக்கிற அதே திரிசூலம் மலை. நாலரை மணி நேரம் பறந்துட்டு நான் எங்க வந்திருக்கேன்?"

போனில் கிரேஸ் டீச்சர்.

பெருங்களத்தூரில் டிராவல்ஸ் கடை வைத்திருப்பவன் நான். டீச்சர் பக்கத்து முடிச்சூர்க்காரர். விமானம் என்றாலே பயம், ஒரு தடவைகூட ஏறியதில்லை. மகள் போர்ட் பிளேரில் நிறைமாதம். மருமகனுக்குப் பக்கத்துத் தீவில் வேலை. கடல் கொந்தளித்துப் படகு நின்றுவிட்டது. பெண் தனியாக ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தாள்.

டீச்சர் முதலில் கேட்டது கப்பல். மூன்று நாள் ஆகும் என்றேன். விமானத்தில் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்றார். ஆயிரத்து முந்நூறு சொச்சம் கிலோமீட்டர், இரண்டேகால் மணி நேரம், தீபாவளிக்கு ஊருக்குப் போகிற நெரிசலில் நம்ம ஜிஎஸ்டி ரோட்டைத் தாண்டுகிற நேரம்தான் என்றேன். சிரித்துவிட்டார். அவ்வளவு நேரம் பல்லைக் கடித்துக்கொள்வேன் என்று டிக்கெட் போடச் சொன்னார்.

மறுநாள் காலை கடையில் கம்ப்யூட்டர் வரைபடத்தில் அவர் விமானம் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீலக் கடல்மேல் மஞ்சளாக ஊர்ந்தது. தீவுப் பக்கம் போய் ஒரு வட்டம் போட்டது. இன்னொரு வட்டம். பிறகு மூக்கைச் சென்னைப் பக்கம் திருப்பியது. மழைக்காலத்தில் அங்கே மேகம் கவிந்தால் இறங்க முடியாது, வந்த வழியே திரும்புவார்கள். தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் திரையை விட்டு நான் கண்ணை எடுக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து மகளின் போன்.

"அண்ணா, அம்மா இறங்கிட்டாங்களா? என்னை உள்ள கூட்டிட்டுப் போகப் போறாங்க."

விமானம் திரும்பி வருகிறது, அம்மா பத்திரமாக இருக்கிறார் என்றேன். பத்திரம் என்று எனக்கு யார் சொன்னது?

விமானம் சென்னையில் இறங்கிய பிறகுதான் டீச்சரின் அந்தப் போன் வந்தது. ஸ்டாண்டில் ஏழுமலை ஆட்டோவில் ஏறி விமான நிலையத்துக்கு ஓடினேன். வழியில் விஷயத்தைக் கேட்டவர் சொன்னார்: "ஏர்றது நம்ம கையில கீது சார். எறங்குறது மேகத்துக்கிட்ட கீது."

டீச்சர் வெளியே ஒரு தூணில் சாய்ந்து நின்றிருந்தார். ஜன்னலெல்லாம் வெள்ளையாகி, விமானம் குலுங்கி, தரை வருகிறது என்று நினைத்தபோது விருட்டென்று மேலே ஏறியதாம். பக்கத்து சீட்டில் யாரென்றே தெரியாத ஆளின் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபம் பண்ணினாராம்.

"இரண்டேகால் மணி நேரத்துக்குத்தான் தம்பி தைரியம் எடுத்துட்டுப் போனேன். அது அங்கேயே தீந்துபோச்சு."

மேகம் விலகினால் மதியம் மறுபடி கிளம்பும், வேண்டாமென்றால் பணம் திரும்பக் கிடைக்கும் என்று கவுன்டரில் சொல்லியிருந்தார்கள். இந்தத் தடவையும் இறங்க முடியாமல் திரும்பி வர நேரலாம் டீச்சர், இனி நான் நேரம் சொல்ல மாட்டேன் என்றேன்.

தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்வேன். தூரத்தைத் தைரியமாகச் சொல்லுங்கள், அது மாறாது. நேரத்தைச் சொன்னால் 'வானம் விட்டால்' என்று சேர்த்துச் சொல்லுங்கள். நாம் வாய்க்கு வந்தபடி சொல்கிற கணக்கை ஒருவர் உயிராகப் பிடித்துக்கொண்டு ஏறுகிறார்.

டீச்சர் மலையைப் பார்த்தார். 2015 வெள்ளத்தில் முடிச்சூர் மூழ்கியபோது மொட்டைமாடியில் உட்கார்ந்திருந்தவர் அவர்.

"தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன" என்றார்.

கைப்பையைத் திறந்து ஆதார் அட்டையை எடுத்தார். அது கீழே விழுந்தது. குனிந்து எடுத்துக்கொண்டு, புறப்பாடு வாசல் வரிசையில் போய் நின்றார்.