கிரிவலத்தில் ரஞ்சிதம் அம்மாவைத் தொலைத்தோம்

போன சித்திரை பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை கிரிவலம் போனோம். ஐந்து திருநங்கைகள், கூட எங்களைத் தத்தெடுத்து ஆட்டம் பழக்கி ஆளாக்கிய ரஞ்சிதம் அம்மா, அவளும் திருநங்கைதான். கோயில் திருவிழாக்களில் ஆடுவது எங்கள் பிழைப்பு. எங்களைப் போன்றவர்கள் யாராவது போனால் உதவுமே என்றுதான் இதை எழுதுகிறேன். எழுத மனசே இல்லை.

சென்னை கிளாம்பாக்கத்திலிருந்து பேருந்தில் ஐந்து மணி நேரம். பௌர்ணமியன்று ஏறுவதே பெரும்பாடு, முந்தின நாளே போய்விடுங்கள். ரமணாசிரமம் பக்கம் எங்கள் முகத்தைப் பார்த்ததும் எல்லா அறைகளும் தீர்ந்துபோயின. வேங்கிக்காலில் ஒரு வீட்டு மாடி கிடைத்தது.

பாதை பதினான்கு கிலோமீட்டர். விடியலில் கிளம்பினோம். பாதி வழியில் அம்மா, "நீங்க முன்னாடி போங்கடி, டீ குடிச்சிட்டு வர்றேன்" என்றாள். வெகுநேரமாகியும் வரவில்லை. திரும்பிப் போனால் டீக்கடைக்காரர், "மயங்கி வுழுந்துட்டாங்கம்மா, ஆம்புலன்ஸ்ல ஏத்தி அனுப்பிட்டோம்" என்றார்.

ஆஸ்பத்திரியில் மூத்தவள் மேகலா கேட்டாள். ரஞ்சிதம் என்று யாரும் இல்லையாம். பெண்கள் வார்டு முழுக்கக் கத்திக் கூப்பிட்டுத் தேடினோம். "ஆதார்ல என்னா பேருன்னு சொல்லுங்க" என்றார் நர்ஸ். ஐந்து பேருக்கும் தெரியாது. எங்களுக்குள் யாரிடமும் பழைய பெயரைக் கேட்கக் கூடாது, கேட்டால் அறைதான் விழும். அதுதான் மரியாதை. எதிரே இருந்த ஆண்கள் வார்டில் பார்க்க ஒருத்திக்கும் தோன்றவில்லை. அவள் எங்களுக்கு அம்மா அல்லவா? வேறு ஆஸ்பத்திரிகளில் தேடப் போய்விட்டோம்.

சாயங்காலம் முதல் ஆஸ்பத்திரிக்கே திரும்பி வந்தபோது வாசலில் ஒரு வேன். அம்மாவின் கைப்பையோடு நின்றவர், அவளுடைய தம்பி, கீழ்பென்னாத்தூர்க்காரர். ஆதாரை வைத்து அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். வேனுக்குள் அம்மா வேட்டியில் கிடந்தாள். மதியமே போய்விட்டாளாம்.

"நீங்க யாரு?"

"பொண்ணுங்க" என்றாள் மேகலா.

"எங்க அண்ணனுக்குக் கல்யாணமே ஆவலியே."

வேன் போய்விட்டது. எங்கே எரித்தார்கள் என்று கூடத் தெரியாது.

மாடிக்கு வந்து, அம்மா போனால் செய்கிற எங்கள் முறைப்படி வளையல்களை உடைத்தோம். பிறகு மேகலா, "எல்லாரும் பழைய பேரைச் சொல்லுங்கடி" என்றாள். சின்னவள் பூஜா கொதித்துப்போய், "அம்மா செத்த அன்னிக்கே அவ வழக்கத்த மாத்துவியா?" என்று கத்தினாள்.

"இனிமே நான்தாண்டி உனக்கு அம்மா. சொல்லு."

சொன்னோம். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

போகிறவர்கள் தண்ணீர் ஜாஸ்தியாக வைத்துக்கொள்ளுங்கள். ஆதாரில் பெயரை மாற்றிவிடுங்கள். அதுவரை கூட வருகிறவளிடம் பழைய பெயரைச் சொல்லி வையுங்கள். அருவருப்பாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அன்று வேன் போனபின் ஆண்கள் வார்டில் அம்மா கிடந்த கட்டிலைப் பார்க்கப் போனபோது பக்கத்துக் கட்டில்காரர் சொன்னார்: "எம் பொண்ணுங்க கூப்புட்றாங்க, கதவத் தொறங்கன்னு சொல்லிக்கினே இருந்தாங்க. யாரும் காதுலயே வாங்கல."