தலைப்பிரசவத்துக்கு வந்தவள் குடித்த தண்ணீர்

கடல் என்றாலே என் அம்மாவுக்கு ஆகாது. சுனாமி வந்தபோது தேவனாம்பட்டினம் பட்ட பாட்டை அவர் டிவியில் பார்த்ததோடு சரி. ஆனால் அதற்குப் பிறகு கடலூர்ப் பக்கம் கல்யாணத்துக்குப் போனால்கூட சாப்பிட்ட கையோடு பஸ் ஏறிவிடுவார். அப்படிப்பட்டவர் தன் ஒரே மகளைக் கடலூரிலேயே, மஞ்சக்குப்பத்தில் கட்டிக் கொடுத்தார் என்றால், மாப்பிள்ளையின் குணம் அப்படி.

எங்கள் ஊர் சிதம்பரத்துக்குக் கிழக்கே, கிள்ளை போகும் வழியில் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் கடல் தெரியாது, இரைச்சலும் கேட்காது. வயல், வாய்க்கால், கொல்லையில் ஒரு போர்வெல். அந்தத் தண்ணீரைப் பற்றி எங்களுக்கு ரொம்பப் பெருமை. எங்கள் பக்கத்தில் பெண் கொடுப்பதற்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டில் ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துப் பார்ப்பார்கள். உப்புத் தண்ணீர் ஊர் என்றால் எத்தனை காணி நிலம் இருந்தாலும் பெண் கிடையாது. கடலோர ஊர்களில் அதனாலேயே கல்யாணம் தள்ளிப்போன பையன்கள் உண்டு. யார் யாருக்குச் சம்பந்தி ஆவது என்பதைக்கூட எங்கள் பக்கத்தில் தண்ணீர்தான் முடிவு செய்தது. நாங்கள் நல்ல தண்ணீர்க்காரர்கள், அந்தத் திமிர் எங்களுக்கு இருந்தது. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நான் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். அங்கேயும் வீட்டுத் தண்ணீரைத்தான் பாட்டிலில் கொண்டுபோய்க் குடிப்பேன். டவுன் தண்ணீர் சப்பென்று இருக்கும், எனக்குப் பிடிக்காது.

வளைகாப்பு முடிந்து தங்கையைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்து வந்தோம். "இனிமே கடல் பயம் இல்ல. புள்ள பொறந்து மூணு மாசம் கழிச்சி நானே கொண்டாந்து உட்டுர்றேன்" என்று சம்பந்தி அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் காரில் ஏறினார் அம்மா. வீட்டுக்கு வந்ததும் தங்கை குடத்திலிருந்து ஒரு சொம்பு மோந்து குடித்தாள். பாதியிலேயே நிறுத்திவிட்டாள்.

"என்னம்மா, தண்ணி உப்புக் கரிக்குது?"

"அடி இவளே! மஞ்சக்குப்பம் போயி ரெண்டு வருஷம் ஆவல, அதுக்குள்ள பொறந்த வீட்டுத் தண்ணி கரிக்குதாமா?" என்று அம்மா சிரித்தார். புள்ளத்தாச்சி நாக்கு அப்படித்தான் இருக்கும் என்று பேச்சு முடிந்துபோனது. தங்கையும் நாலு நாள் முகம் சுளித்தாள், அப்புறம் பழகிவிட்டாள்.

அப்போதே எங்கள் வீட்டில் பருப்பு வேகாது. குக்கரில் எத்தனை விசில் விட்டாலும் முழித்துக்கொண்டு கிடக்கும். அம்மா மளிகைக் கடைக்காரரிடம் சண்டை போட்டுக் கடையையே மாற்றினார். காய்ச்சும்போது பால் திரிந்தால் பால்காரருக்குத் திட்டு, சோப்பு நுரைக்கவில்லை என்றால் சோப்புக் கம்பெனிக்குத் திட்டு. ஊரில் ஒருவரைக்கூட நாங்கள் மிச்சம் வைக்கவில்லை. தண்ணீரைச் சொல்ல மட்டும் யாருக்கும் வாய் வரவில்லை.

எட்டாம் மாதம் தங்கையின் கால் வீங்கியது. சிதம்பரத்தில் பார்த்துக்கொண்டிருந்த டாக்டரம்மா பிரஷர் ஏறியிருக்கிறது என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்து, உப்பைக் குறைக்கச் சொன்னார். அம்மா குறைக்கவில்லை, அடியோடு நிறுத்தினார். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் பரணுக்குப் போயின. மகளுக்காக வீடே உப்பில்லாத குழம்பைச் சாப்பிட்டது. "தண்ணி ஜாஸ்தியா குடிடி, ஒடம்புல இருக்குற உப்பெல்லாம் எறங்கிடும்" என்று சொம்பு சொம்பாகக் கொடுத்தார். அவளும் சொன்னபடி குடித்தாள். பிரஷர் இறங்கவே இல்லை.

ஒரு காலையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள், "அண்ணே, கண்ணுல மின்னல் மின்னலா அடிக்குது" என்றாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இனி காத்திருந்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்து என்று உடனே ஆபரேஷன் செய்தார்கள். பையன் என் உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிதாக இருந்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் அவன் விடும் ஒவ்வொரு மூச்சையும் எண்ணிக்கொண்டு நின்றேன்.

தங்கைக்கு மாற்றுத் துணி எடுக்க நான் வீட்டுக்கு வந்தேன். அதுவரை சில நாட்களாக ஆஸ்பத்திரியில் கேன் தண்ணீர்தான் குடித்துக்கொண்டிருந்தேன். நல்ல வெயில். வந்த வேகத்தில் சொம்பை மோந்து வாயில் ஊற்றினேன். அப்படியே முற்றத்தில் துப்பினேன். யாரோ குடத்தில் உப்பைக் கொட்டிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். கொல்லைக்கு ஓடி மோட்டாரைப் போட்டு, குழாயில் நேராக வாயை வைத்தேன். அதே கரிப்பு. இதையா நாங்கள் குடித்துக்கொண்டிருந்தோம்? இதையா பாட்டிலில் பிடித்து, பெருமையாகக் கடைக்குக் கொண்டுபோனேன்? டவுன் தண்ணீர் சப்பென்று இருந்ததன் காரணம் அங்கே நின்றபோதுதான் எனக்குப் புரிந்தது.

பாட்டிலில் பிடித்துக்கொண்டுபோய் டாக்டரம்மாவிடம் கொடுத்தேன். ஒரு சொட்டு நாக்கில் வைத்தவர் அதிர்ந்துபோய் என்னைப் பார்த்தார். "இது மட்டும்தான் காரணம்னு சொல்ல முடியாது. ஆனா இந்தத் தண்ணிய அவுங்க குடிச்சிருக்கவே கூடாது. கடலோரத்துலேருந்து வர்றவுங்கன்னா தண்ணியப் பத்திக் கேப்பேன். உங்க ஊருன்னதும் கேக்கத் தோணல" என்றார்.

எங்களுக்கும் தோன்றவில்லையே. வாய்க்காலில் தண்ணீர் வராத வருடங்களில் ஊரே போர் போட்டது. வற்றினால் இன்னும் ஆழமாகப் போட்டது. மண்ணுக்குள் இருந்த நல்ல தண்ணீரை நாங்கள் இறைக்க இறைக்க, காலியான இடத்துக்குக் கடல் வந்து உட்கார்ந்துகொண்டது. அலை இல்லை, சத்தம் இல்லை. எங்கள் நாக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கிக்கொண்டே வந்திருக்கிறது. கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிற மஞ்சக்குப்பத்தில் முனிசிபாலிட்டி குழாயில் என் தங்கை நல்ல தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். கடலுக்குப் பயந்து அவளை அழைத்துவந்து கடலையே குடிக்க வைத்திருக்கிறோம்.

பையன் பிழைத்தான். கண்ணாடிப் பெட்டியிலிருந்து வெளியே வந்து, எடை கூடி, வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டரம்மா சொன்ன அன்று தங்கை மெதுவாகச் சொன்னாள்.

"அம்மா, நான் நேரா மஞ்சக்குப்பம் போறேன்."

"கேன் தண்ணி வாங்கி வெக்கிறேன்டி. பச்ச ஒடம்போட மாமியா வூட்டுக்குப் போனா ஊரு என்னா பேசும்?"

"எத்தினி கேன் வாங்குவ? இவன குளிப்பாட்டணும், துணி அலசணும். வேணாம்மா."

மாப்பிள்ளை என் தோளைத் தொட்டு, "மச்சான், தப்பா நெனைக்காதீங்க. அங்க எங்கம்மா பாத்துக்குவாங்க" என்றார். பேரனை ஒருமுறை மடியில் வாங்கிப் பார்த்துவிட்டு அம்மா திருப்பிக் கொடுத்தார். தலைப்பிரசவத்துக்கு வந்த மகள் பிள்ளையோடு பிறந்த வீட்டு வாசலை மிதிக்காமல் வடக்கே போனாள். நாங்கள் இரண்டு பேரும் கிழக்கே போகும் பஸ்ஸில் ஏறினோம். அத்தனை நாளும் அம்மாவும் என்னைப் போல ஆஸ்பத்திரியில் கேன் தண்ணீர்தான் குடித்திருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் நேராகக் கொல்லைக்குப் போய்க் குழாயைத் திறந்து, ஒரு சொம்பு பிடித்தார். "ம்மா, வேணாம்" என்று நான் கையைப் பிடிப்பதற்குள் குடித்துவிட்டார். வாய்க்குள் வைத்துக் கொஞ்ச நேரம் உருட்டினார். உதட்டை நக்கிப் பார்த்தார். இன்னொரு வாய் குடித்தார். என்னை நிமிர்ந்து பார்த்த முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் அதுவரை கண்டதில்லை.

"உப்பு தெரியலியேடா எனக்கு" என்று சொல்லி அழுதார்.