எல்லை போஸ்டைத் தாண்டி அக்கா போன காலை

1. மாடிப்படி

அக்கா இறந்த அன்று காலையில் வேலியேற்றம். கடல் பொங்கி, காயல் வழியே புகுந்து, மட்டாஞ்சேரிச் சந்துகளில் முழங்கால் அளவு ஏறி நிற்பதற்கு இங்கே அந்தப் பெயர். மழை வேண்டாம், புயல் வேண்டாம். நிலா ஒரு இழுப்பு இழுத்தால் போதும், தண்ணீர் வாசலில் கிடக்கும் செருப்பைத் தூக்கிக்கொண்டு போய்விடும்.

நான் பஜாரில் சுமை தூக்குகிறவன். இருபத்து மூன்று வருடம் ஆகிறது. மிளகு, சுக்கு, ஏலம், அரிசி என்று இந்த ரோட்டில் என் தலையில் ஏறாத சரக்கு இல்லை. எங்கள் குழுவுக்கு, அதாவது இந்தப் பகுதிச் சுமைக்காரர் கூட்டத்துக்கு, இப்போது புது ஆட்கள் வருகிறார்கள். மூட்டையை எப்படிப் பிடிப்பது என்று அவர்களுக்கு யாராவது சொல்லிவிடுவார்கள். நான் சொல்ல நினைப்பது அந்த ஒரு காலையை.

செல்வி அக்காவுக்கு சுக்குக் கிடங்கில் தரம் பிரிக்கிற வேலை. தேனியிலிருந்து முதலில் வந்தவள் அவள். அவள் ஆள் சொல்லி அனுப்பித்தான் நான் வந்தேன். கல்யாணம் வேண்டாம் என்று என் வீட்டு மாடியறையிலேயே இருந்துவிட்டாள். நெஞ்சுவலி என்று படுத்தவள் விடியும்போது இல்லை.

நல்ல ஆகிருதி அவளுக்கு. எங்கள் படியோ ஒரு ஆள் அகலம், நடுவில் ஒரு திருப்பம். சந்துக்குள் வண்டி வராது, மெயின் ரோட்டில்தான் நிற்கும். சுடுகாட்டில் பதினொரு மணிக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். தவறினால் மறுநாள்தான்.

வீட்டுச் சொந்தக்காரர் மேலே கையைக் காட்டினார். மாடி ஜன்னலுக்கு மேலே இரும்புக் கப்பி ஒன்று துருப்பிடித்துத் தொங்குகிறது. வீடு ஒரு காலத்தில் கிடங்காக இருந்தது.

"கட்டி இறக்கிடலாம் முருகா. ரெண்டே நிமிஷம். தண்ணி ஏறிக்கிட்டே இருக்கு, நீ யோசிச்சுக்கிட்டே இருக்க."

கப்பியில் மூட்டை இறங்குவது எப்படி என்று எனக்குத் தெரியும். கயிறு முறுக்கும். மூட்டை காற்றில் சுற்றும். சுவரில் ஒரு முறை இடிக்கும். அந்தச் சத்தம் என் தூக்கத்தில்கூட வருவதுண்டு.

"அக்காவைக் கட்ட விடமாட்டேன். நேரா படுத்தபடி போகணும். தண்ணி படக் கூடாது" என்றேன். வேறு எதுவும் அன்று எனக்கு வேண்டியிருக்கவில்லை.

எங்கள் லீடர் பாலன் சேட்டன் படியில் ஏறி இறங்கிப் பார்த்தார். அளக்க டேப் எடுக்கவில்லை. அவர் கண்ணே டேப்.

"பலகைல வெச்சு இடுப்பளவுல கொண்டுபோனா இந்த வளைவுல திரும்பாது. கைப்பிடிக்கு மேல தூக்கினா திரும்பும். எட்டு பேர் வேணும், பத்து பேர் இருக்கோம். பின்னே எந்தா, என்ன கவலை?"

அதற்குள் கிடங்குப் பெண்கள் அக்காவைக் குளிப்பாட்டி, கஞ்சி போட்ட நீலக்கரைச் சேலையை உடுத்தி, பூ வைத்துவிட்டார்கள். அவர்களில் மூத்தவள் ரோஸிலி சேச்சி. இருபது வருடம் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சுக்குப் பிரித்தவள். அழுது முடித்திருந்தாள். இப்போது அதட்டிக்கொண்டிருந்தாள்.

"மெதுவா. செல்வி ஒருநாளும் ஓடி எறங்கினவ இல்ல. சாயா குடிக்கக்கூட ஆடி அசைஞ்சுதான் எறங்குவா."

படியின் நெடுக ஆட்கள் சுவரோடு ஒட்டி நின்றார்கள். பலகை தலைக்கு மேலே, கைக்குக் கை நகர்ந்தது. வளைவில் பாலன் சேட்டன் மூச்சுக்கு மூச்சு எண்ணினார். ஒண்ணு, பிடி. ரெண்டு, விடு. கால்மாடு கைப்பிடிக்கு மேலே பறந்தது, தலைமாடு சுவரை ஒரு விரல் விட்டுத் திரும்பியது. பலகை சாயவே இல்லை. அவள் நெற்றிப் பொட்டு வைத்த இடத்திலேயே இருந்தது.

2. போஸ்ட்

சந்தில் தண்ணீர் கலங்கிக் கிடந்தது. அதற்கடியில் சாக்கடையை மூடிய சிலாப்புகள் பல இடத்தில் உடைந்திருக்கும். கால் போனால் எட்டு பேரும் கவிழ்வோம். அதற்கும் பெண்களிடம் வழி இருந்தது. வெயிலில் காயும் சுக்கைக் கிளறுகிற நீளக்கழிகளைக் கொண்டுவந்திருந்தார்கள். குத்திக் குத்திப் பார்த்து முன்னே நடந்தார்கள். உடைந்த இடம் தட்டுப்பட்டால் ஒருத்தி அங்கேயே நின்றுகொள்வாள். அவள் நிற்கிற இடம் பள்ளம், மற்ற இடம் வழி. சேலையை முழங்காலுக்குச் செருகிக்கொண்டு, தண்ணீருக்குள் ஒருத்தி பின் ஒருத்தியாக நின்ற அந்தப் பெண்களைத் தாண்டித் தாண்டி நாங்கள் நடந்தோம்.

சந்து வளைகிற இடத்தில் ஒரு கரண்டு போஸ்ட். அதற்கு இந்தப் பக்கம் எங்கள் குழு. அந்தப் பக்கம் வேறு குழு, சட்டை நிறமும் வேறு. ஒருவர் பகுதியில் அடுத்தவர் லோடு தொடக் கூடாது. அது இந்த வேலையின் முதல் நியமம். பத்து நாள் முன்பு ஒரு சுக்கு லோடுக்காக அந்த போஸ்டடியில் பெரிய சண்டை. அவர்கள் லீடர் மஜீத் இக்கா மட்டாஞ்சேரியிலேயே பிறந்த தமிழர். என்னைவிட மூத்தவர். அவர் முகத்துக்கு நேரே நான், "உங்க நெழல்கூட இந்தப் பக்கம் விழக் கூடாது" என்று சொல்லியிருந்தேன்.

அந்த போஸ்ட் வந்ததும் எங்கள் கால்கள் நின்றுவிட்டன. யாரும் நில் என்று சொல்லவில்லை. இருபது வருடப் பழக்கம், எட்டு ஜோடிக் கால்களும் ஒரே இடத்தில் நின்றன. தோளில் அக்கா. எனக்கு அவமானத்தில் உடம்பு கூசியது. கூடப்பிறந்தவளைச் சுமக்கும்போதா நியமம்?

நிமிர்ந்து பார்த்தேன். போஸ்டுக்கு அந்தப் பக்கம், தண்ணீருக்குள், மஜீத் இக்காவும் அவர் ஆட்களும் இரண்டு வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். பன்னிரண்டு பேர். தலையில் சும்மாடு இல்லை, சுமைக்கு வந்தவர்கள் இல்லை.

"ஏன் நின்னுட்ட?" என்றார் இக்கா.

நான் போஸ்டைப் பார்த்தேன்.

"நின்னது சரிதான். இதுக்கு மேல எங்க ஏரியா. எங்க ஏரியாவுல தோள் குடுக்க நீங்க யாரு? மாறுங்க."

பாலன் சேட்டன் சிரித்துவிட்டார். சாவுக்கு வந்த இடத்தில் சிரித்ததற்கு ரோஸிலி சேச்சி அவரை முறைத்தாள், பிறகு அவளும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பலகை இறங்கவில்லை. ஒரு தோள் நுழைய ஒரு தோள் விலகியது. என் முறை வந்ததும் நானும் விலகப் போனேன். இக்கா என் முதுகில் கை வைத்துத் தடுத்தார்.

"நீ இரு. கூடப்பிறந்தவனுக்கு ஏது ஏரியா?"

அப்படித்தான் போனோம். முன்னால் கழிகளோடு பெண்கள், பலகைக்கு அடியில் இக்காவின் ஆட்கள், அவர்களுக்கு நடுவில் நான், பின்னால் விலகிய எங்கள் ஆட்கள். கடைக்காரர்கள் ஷட்டரைப் பாதி இறக்கினார்கள். மெயின் ரோட்டு முனையில் அரிசி லாரி ஒன்று ரிவர்ஸ் எடுத்து வழி விட்டது. மிளகு வாசத்துக்கு நடுவே, கலங்கிய தண்ணீருக்கு மேலே, தோள் உயரத்தில் என் அக்கா ராணி மாதிரி போனாள். அத்தனை துக்கத்திலும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. வண்டியில் ஏற்றும்போது சேலையின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தேன். கஞ்சி மொடமொடப்பு அப்படியே இருந்தது.

பதினொன்றுக்குப் பத்து நிமிடம் முன்பே சுடுகாட்டில் இருந்தோம்.

3. யார் சொன்னது

எல்லாம் முடிந்து வெளியே வந்து இக்காவின் கையைப் பிடித்தேன். அவர் கையை உருவிக்கொண்டார்.

"சண்டை பத்து நாள். ஒரே ரோட்டுல வேலை இருபது வருஷம். செல்வி போனதை எனக்கு ரோஸிலி வந்து சொல்லணுமா? உங்க வீட்டு ஆள் யாரும் வரல."

ரோஸிலி சேச்சி விடிந்ததும் அந்தத் தண்ணீரில் நடந்து அவர்கள் ஷெட்டுக்குப் போயிருக்கிறாள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா வேண்டாம்னு நிப்ப. உன்னைப் பத்தி உங்க அக்கா என்கிட்ட என்னெல்லாம் சொல்லியிருக்கா தெரியுமா?"

என்னவெல்லாம் என்று நான் கேட்கவில்லை. இக்காவிடம் மட்டும், "தப்புதான் இக்கா" என்றேன். அவர் சாயாக்கடைப் பக்கம் நடந்தார். பின்னால் வா என்று தலையை மட்டும் ஆட்டினார்.

புதிதாக வந்தவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். போஸ்டுக்காகச் சண்டை போடுங்கள், அது நம் சோறு. நாங்களும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம், போன வாரம்கூட. ஆனால் வீட்டில் சாவு விழுந்தால் முதல் ஆளைச் சண்டைக்காரன் வீட்டுக்கு அனுப்புங்கள். மற்றவர்கள் எப்படியும் வந்துவிடுவார்கள்.