மர நிழலில் நின்ற ஜெர்மன் கார்

சாவியைத் திருப்பிவிட்டு ஜெர்மன் மாமா எண்ணுவார். டாஷ்போர்டில் எரியும் எச்சரிக்கை விளக்குகள் ஒவ்வொன்றாக அணைய வேண்டும். "அஞ்சு, ஆறு... எல்லாம் அணைஞ்சிடுச்சு, போலாம்" என்றால்தான் எனக்கும் மூச்சு வரும். கடைத்தெரு வரை ஓசிச் சவாரி செய்யும் பக்கத்து வீட்டுக்காரன் நான்.

மாமா மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். பதினோரு வயதான ஜெர்மன் காரை மூன்றாவது ஆளாக வாங்கியதிலிருந்து தெருவில் அவருக்கு 'ஜெர்மன் மாமா' என்றுதான் பெயர். சின்னதாக ஒரு புதுக் கார் வாங்கும் காசுக்குக் கிடைத்ததே என்று ஆசையில் விழுந்துவிட்டார். "வாங்குறதுக்குத்தான் பழைய விலை. சாமானுக்குப் புது விலை" என்பார், பெருமையா புலம்பலா என்று தெரியாத குரலில். அதன் ஒரு முன்விளக்குக் காசில் நான் ஃப்ரிட்ஜே வாங்கிவிடுவேன். யாராவது கதவை அறைந்து சாத்தினால், "மெதுவாப்பா, அது கதவில்ல, என் கடையோட மூணு மாச வாடகை" என்று கெஞ்சுவார்.

போன வருடம் ஒரு பெரிய பில் வந்தபோது, பள்ளி ஆசிரியையான அவர் மனைவி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "இன்னொரு தடவ இப்படி வந்துச்சுன்னா வித்துடணும், சொல்லிட்டேன்." மாமாவும் தலையாட்டிவிட்டார்.

இரண்டு நாள் மழைக்குப் பிறகு, ஓட்டுநர் பக்கத்துக் கார்ப்பெட் சொதசொதவென்று ஊறிக் கிடந்தது. மாமாவுக்கு முகமே செத்துவிட்டது. இரண்டு நாள் தவித்துவிட்டு, மாமா, அவர் மனைவி, நான் என மூன்று பேருமாக மெக்கானிக்கிடம் போனோம்.

"சீட்டுக்கடியில ஒரு பொட்டி இருக்கு சார். கியர், லைட்டு எல்லாத்துக்கும் அதான் மூளை. அதுக்குள்ள தண்ணி போயிருந்தா, கார் வாங்குன காசுல பாதி."

மனைவி மாமாவைப் பார்த்தார். மாமா தரையைப் பார்த்தார்.

மெக்கானிக் சீட்டைக் கழற்றி, கார்ப்பெட்டைத் தூக்கினார். பெட்டிக்கு ஒரு விரற்கடை கீழே தண்ணீர் நின்றிருந்தது. பெட்டி காய்ந்தே இருந்தது. பிறகு கூரைக் கண்ணாடியைத் திறந்து, மூலையிலிருந்து அழுகிய இலைக் கொத்து ஒன்றை உருவினார்.

"எங்க சார் நிறுத்துறீங்க?"

"மரத்தடியில. பெயிண்ட் வெளுத்துடக் கூடாதேன்னு..."

வீட்டு வாசலில் இடம் இருந்தும் நாலு வீடு தள்ளிக் கொண்டுபோய் நிறுத்துகிற மனுஷன்!

"நல்லாப் பாத்துக்கிட்டீங்க போங்க. மழைத் தண்ணி வெளிய போற குழாய எலை அடைச்சிருச்சு. ஊதி விட்டுடறேன், வேற ஒண்ணுமில்ல."

எனக்கே போன உயிர் திரும்பி வந்தது. மனைவி அங்கிருந்த பழைய டயரின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அப்பாடா. ரெண்டு நாளா தொண்டையில சோறு எறங்கல இவருக்கு. எனக்கும்தான்."

குழாயை ஊதிவிட்டு, சோதித்துப் பார்க்க மெக்கானிக் கூரையின் அந்த மூலையில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினார். சற்றுப் பொறுத்து, முன்சக்கரத்தின் ஓரமாக அது ஒழுங்காக வெளியே ஒழுகியது. மாமா குந்தி உட்கார்ந்து இரண்டு கையையும் ஏந்தினார். சட்டைக் கை நனைந்தும் எடுக்கவில்லை. மனைவி எழுந்து வந்தார்; கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, பக்கத்தில் குந்தித் தன் கையையும் நீட்டினார்.