கேக் வெட்டிய கத்தி

யூரோ வந்த புதிதில், ஸ்டுட்கார்ட்டில் ஒரு முதியோர் இல்லத்துச் சலவை அறையில் என்னோடு வேலை செய்தவர் ஒரு சோமாலியப் பெண். என்னைவிட ஒரு தலை உயரம். எவ்வளவு வேர்த்தாலும் வேலை முடியும்வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்கமாட்டார். நோன்பாக்கும் என்று நினைத்திருந்தேன்.

மகளின் சாமத்திய வீட்டுக்கு அவரையும் அழைத்தேன். பெரிய பிள்ளையானதற்குச் சடங்கு என்று டொச் மொழியில் சொல்லியிருந்தேன்.

மண்டபத்தில் பெண்கள் மகளைச் சூழ்ந்து நிற்க, மச்சாள் கேக் வெட்டக் கத்தியை எடுத்தாள். கதிரைகளைத் தள்ளி விழுத்திக்கொண்டு பாய்ந்து வந்த சோமாலியப் பெண், வெறுங்கையால் கத்தியின் அலகைப் பற்றினார். மகளின் சேலையெல்லாம் இரத்தம்.

"விசரி! பொலிசைக் கூப்பிடுங்கோ!" என்று மச்சாள் அலறினாள்.

"கேக் வெட்டத்தான்!" என்று நான் டொச்சில் கத்தினேன்.

அவர் என் மகளை இறுக அணைத்துக்கொண்டார். "எனக்கும் புது உடுப்பும் இனிப்பும் தந்தார்கள். பிறகு நாலு பெண்கள் காலை விரித்துப் பிடிக்க, ஒருத்தி அறுத்துத் தைத்தாள். அப்போது எனக்கு ஏழு வயது. இன்றைக்கும் சிறுநீர் கழிக்கும்போது உயிர் போகிறது."

மகள் ஒரு கிளாஸ் தண்ணீரை நீட்டினாள்.

அதையும் அவர் குடிக்கவில்லை. அதில் கை இரத்தத்தைக் கழுவினார்.